தவிடு சலித்தவள்

கல்லூரி ஆய்வகத்தைத் திறந்து, வெள்ளைக் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தபோது பெரியவளின் கைப்பேசி அடித்தது.

"மேடம், உங்க மருந்தை நம்பி நாங்க நாசமாப் போயிட்டோம்!"

பழரச ஆலையின் மேலாளர். எப்போதும் குழைந்து குழைந்து பேசுகிற மனிதர்.

"மருந்து இல்ல சார், என்சைம்" என்றாள் பெரியவள், வகுப்பெடுக்கும் பழக்கத்தில்.

"என்ன எழவோ! நேத்து போட்ட டாங்க் முழுசும் கலங்கிக் கிடக்கு. ஆப்பிள் ஜூஸ் கண்ணாடி மாதிரி வரணும். இது சட்டை துவைச்ச தண்ணி மாதிரி வந்திருக்கு. நீங்களே வந்து பாருங்க. நான் அங்க வந்தா நல்லா இருக்காது."

இந்தக் குடும்பத்தோடு ஆரம்பத்திலிருந்து வருகிறவர்களுக்கு அந்த என்சைம் பிறந்த கதை தெரியும். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி.

அதே ஆலையின் பின்புறம் மலையாகக் குவிந்து அழுகிய ஆரஞ்சுத் தோலிலிருந்து, கறுப்பாகப் படர்ந்த பூஞ்சை ஒன்றைப் பெரியவள் எடுத்து வந்தாள். கோதுமைத் தவிடும் காய்ந்த தோலும் கலந்து ஈரமாக்கி, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் அதில் தூவினால் பூஞ்சை பாய் விரித்தாற்போல் வளர்ந்தது. வளரும்போதே ஒரு நொதியை, அதாவது அந்த என்சைமை, கக்கியது. பழரசத்தைக் கலங்கலாக வைத்திருக்கும் பிசினை அந்த நொதி துண்டு துண்டாக உடைத்தது. எந்தச் சூட்டில் அது துடிப்பாக வேலை செய்யும், எந்தச் சூட்டில் சுருண்டுவிடும், எவ்வளவு புளிப்பைத் தாங்கும் என்று அதன் குணத்தை அளந்து முடிக்கவே அவளுக்கு வருடக்கணக்கானது. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி, குப்பையில் தொழில் இருக்கிறதென்று துள்ளிக் குதித்தான். தன் வீட்டின் கீழ்த்தளத்தில் தட்டுகளை அடுக்கி, பூஞ்சை வளர்ந்த தவிட்டைக் காயவைத்துப் பொடியாக்கிப் பைகளில் ஆலைக்கு விற்றான். அவன் மனைவி ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய பெயர் மின்னல்; வீட்டிலும் அதே பெயர்தான். அவளும் வேலையை உதறிவிட்டு அவனோடு இறங்கினாள்.

கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டுப் பெரியவள் கிளம்பினாள். குளிர்பெட்டியிலிருந்து தான் தயாரித்த பழைய மாதிரியைச் சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டாள். அயோடின் புட்டியையும் பையில் போட்டாள். எதற்கென்று அப்போது அவளே தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆலையின் தரப் பரிசோதனை அறையில் மேலாளர் இடுப்பில் கை வைத்து நின்றார். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை. அதற்குப் பின்னால் வைத்த விரல்கூடத் தெரியவில்லை.

"சூடு சரியா வச்சீங்களா?"

"ஐம்பது டிகிரி. நீங்க சொன்னதுதான். என் ஆளுங்க மேல பழியைத் தள்ளாதீங்க."

"யார் மேலயும் தள்ளல. பையைக் காட்டுங்க."

பையைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுட்டது. அதில் அவளுடைய படம் அச்சாகியிருந்தது. கல்லூரி ஆண்டு விழாவில் யாரோ எடுத்த படம். கீழே கொட்டை எழுத்தில் 'விஞ்ஞானியின் நேரடிக் கண்காணிப்பில்'. தம்பி யாரைக் கேட்டு இதைப் போட்டான்?

இரண்டு தட்டுகளில் இரண்டு சிட்டிகை பொடியைக் கரைத்தாள். ஒன்று தன்னுடையது, ஒன்று பையிலிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு அயோடின்.

அவளுடையது தேநீர் நிறத்தில் நின்றது. தவிட்டில் இருந்த மாவையெல்லாம் பூஞ்சை வளரும்போதே தின்று தீர்த்திருந்தது.

பையிலிருந்தது மை கொட்டியதுபோல் நீலமாக மாறியது.

"இது என்ன கலர்?" மேலாளர் குனிந்தார்.

ஒரு கணம் இருந்தது. அந்த ஒரு கணத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஈரம் பட்டுவிட்டது, மூட்டை மாறிவிட்டது, எத்தனையோ இருக்கிறது. சமாளித்தால் தம்பி தப்பித்தான். அந்தப் பையில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தை அவள் பார்த்தாள்.

"மாவு" என்றாள். "சோள மாவா இருக்கும். சூடான ஜூஸ்ல ஊறிக் கலங்கியிருக்கு. என்சைம் இதுல பாதிகூட இல்ல."

மேலாளர் நிமிர்ந்தார். "உங்க தம்பியா?"

"கேட்டுட்டு வர்றேன்."

"கேளுங்க. நல்லாக் கேளுங்க. உங்க வாயால உண்மையைச் சொன்னதுக்காக இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருக்கேன்."

*

தம்பி வீட்டுக் கீழ்த்தளத்தின் கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளியதும் உள்ளேயிருந்து சூடான புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. சுவர் நெடுக அலுமினியத் தட்டுகள். நடுவில் தார்ப்பாய் விரித்து, அதில் முற்றிக் கறுத்த தவிடு காய்ந்துகொண்டிருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு மேசை மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. சன்னல் விளிம்பில், விளக்கின் மேல், காலண்டரின் மேல் எங்கும் புகைக்கரி மாதிரி கறுப்புத் தூள் படிந்திருந்தது.

தம்பி வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பெரியவள் நேரே போய் மின்விசிறியின் இணைப்பைப் பிடுங்கினாள்.

"அக்கா! என்ன பண்றே? இன்னும் காயல!"

"மாவு எங்கடா?"

"எந்த மாவு?"

"பூசி மெழுகாதே. அயோடின் போட்டுப் பார்த்துட்டுத்தான் வர்றேன். மேலாளர் கண்ணு முன்னாடி."

தம்பி கைக்குட்டையை இறக்கினான். முகத்தில் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. "அவர் கண்ணு முன்னாடியா? உனக்கு மூளை இருக்கா? தனியா வந்து என்கிட்ட கேட்டிருக்கக் கூடாது?"

"அப்போ கலந்தது உண்மை."

"ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் எடை காணல. ஒப்பந்தம் போட்ட அளவைக் கொடுக்கலேன்னா அடுத்த ஆளைப் பார்த்துப்பான். என்ன பண்ணச் சொல்றே? நீ அங்க ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு சொட்டுச் சொட்டா அளப்பே. இங்க மூட்டை மூட்டையா வேணும்!"

"மூட்டை மூட்டையா என் முகத்தைப் போட்டு மாவு வித்திருக்கே."

"ஓ, உன் முகம்தான் இப்போ பிரச்சினையா?"

"டேய்!" அவள் குரல் தட்டுகளில் மோதித் திரும்பியது. "குடிக்கிற சாமான்டா அது! நான் எத்தனை தடவை அளந்து, எத்தனை தடவை தப்பாகி, மறுபடி மறுபடி பார்த்து ஒரு எண்ணைச் சொன்னேன். அந்த எண்ணை நம்பி ஒருத்தன் டாங்க் முழுக்கக் கொட்டறான். அந்த நம்பிக்கையில மாவைப் போட்டுட்டு என்கிட்டயே கத்தறே?"

"எல்லாம் உன் பூஞ்சையால வந்தது. அது ஒழுங்கா வளர்ந்திருந்தா நான் ஏன் மாவு வாங்கப் போறேன்?"

"பூஞ்சை ஒழுங்காத்தான் வளர்ந்திருக்கு." அவள் தட்டுகளைக் காட்டினாள். "முற்றி, கறுத்து, வீணாப் போற அளவுக்கு வளர்ந்திருக்கு. அரைக்கவும் சலிக்கவும்தான் ஆள் இல்ல. மின்னல் எங்கே?"

தம்பி சல்லடையைக் கீழே வைத்தான்.

பதில் மாடிப்படியிலிருந்து வந்தது. முதலில் இருமல். பிறகு ஒரு படி இறங்கும் சத்தம். பிறகு நிசப்தம். பிறகு இன்னொரு படி. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு மின்னல் இறங்கி வந்தாள். ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் மெல்லிய சீழ்க்கை.

மாவட்டப் போட்டியில் பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடியவள் அவள். அந்தப் படம் பெரியவளின் வீட்டில்கூட இருந்தது.

"என்ன மாவு?" என்றாள் மின்னல்.

"ஒண்ணும் இல்ல. நீ மேல போய்ப் படு" என்றான் தம்பி.

"என்ன மாவுன்னு கேட்டேன்."

"அவன் பொடியில சோள மாவு கலந்து வித்திருக்கான்" என்றாள் பெரியவள். "உனக்கு எத்தனை நாளா இப்படி மூச்சு வாங்குது?"

"சளி" என்றான் தம்பி அவசரமாக. "சீசன் மாறுது இல்ல."

மின்னல் அவனைப் பார்த்தாள். "எந்தச் சீசன்ங்க? மழைக்கு முன்னாடியும் சளின்னீங்க. மழை முடிஞ்சும் சளிங்கறீங்க. சாயங்காலம் சலிச்சு முடிச்சா நெஞ்சு பூட்டிக்குது. எங்கம்மா வீட்டுக்குப் போனேன், தங்கியிருந்த வரைக்கும் ஒண்ணும் இல்ல. திரும்பி வந்து இந்தக் கதவைத் திறந்தேன், மறுபடி ஆரம்பிச்சுது. அப்பவே சொன்னேன் உங்ககிட்ட. என்ன சொன்னீங்க? நெனப்புதான் வியாதின்னீங்க."

"உனக்காகத்தான் மாவு கலந்தேன்!" தம்பியின் குரல் உடைந்தது. "உன்னால சலிக்க முடியல. உனக்கு ஓய்வு கொடுக்கணும்னுதான்..."

"எனக்காகவா?"

அவள் கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை. அதுதான் கேட்கவே சகிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் பிடித்து இழுத்து வெளியே போட்டாள்.

"எனக்காகன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும். மளிகைக் கடைக்கா போவாங்க?"

பெரியவள் அவள் தோளைப் பிடிக்கப் போனாள். மின்னல் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்களும் தொடாதீங்க அண்ணி. உங்க ஆய்வகத்துக்கு நான் வந்திருக்கேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையை மட்டும் விட்டு வேலை செய்வீங்க. கையில உறை, மூஞ்சியில மூடி. நான்கூட சிரிச்சேன், தவிட்டுக்கு இவ்வளவு மரியாதையான்னு. அது தூளாப் பறந்தா நெஞ்சுக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்" என்றாள் பெரியவள்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னேன். பொடி வேண்டாம், ஈரமா இருக்கும்போதே தண்ணியில பிழிஞ்சு வடிகட்டிக் கேன்ல கொடுக்கலாம்னு சொன்னேன். அவன் கேட்கல. சரி, முகமூடி போட்டுத்தான் சலிக்கணும்னு சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். "அவன்கிட்ட."

"சலிச்சது நான்" என்றாள் மின்னல்.

கீழே தார்ப்பாயில் தவிடு அசையாமல் கிடந்தது.

அப்போது பார்த்துப் பெரியவளின் கைப்பேசி அடித்தது. அம்மா. தம்பி அதற்குள் கைப்பேசியில் செய்தி அனுப்பி ஊரைக் கூட்டிவிட்டான் என்று தெரிந்தது.

"ஏன்டி, அவன் இப்போதான் தலை எடுக்கறான். கூடப் பிறந்தவளே இப்படி மானத்தை வாங்கலாமா? வெளியாள் முன்னாடி..."

"அம்மா, உன் மருமக மூச்சு விட முடியாம நிக்கறா. அவன் மானத்தை அப்புறம் தேடிக்கலாம்." போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"துணியை நனைச்சு அந்தத் தவிடு மேல போடு. பெருக்காதே, தூசி கிளம்பும். தட்டு எல்லாத்தையும் ஆவிப் பானையில ஏத்தி வேக வை, ஒண்ணு விடாம. நான் வந்து பார்ப்பேன்."

"எல்லாத்தையுமா? இந்த வாரச் சரக்கு மொத்தமும் அதுதான்!"

"மொத்தமும்தான்."

"முடியாது. இது என் இடம்."

"அப்போ நான் வேக வைப்பேன், உன்னைச் சேர்த்து" என்றாள் பெரியவள். அவள் சொன்ன விதத்தில் அது விளையாட்டா இல்லையா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

*

மருத்துவர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். மின்னல் ஊதினாள். முள் பாதிதூரம்கூடப் போகவில்லை. திரும்ப ஊதச் சொன்னார். அவள் கண்ணை மூடி, ஓட்டத்துக்குத் தயாராகிறவள்போல் தோளைத் தளர்த்தி, உள்ளதையெல்லாம் திரட்டி ஊதினாள். முள் அதே இடத்தில் நின்றது.

அந்த முள்ளைப் பார்த்தபோதுதான் பெரியவளுக்குக் கண் கலங்கியது. நொதியின் வேகத்தை அளக்க அவளிடம் எத்தனை கருவிகள். இதை ஒரு நாளும் அளந்ததில்லை.

மூச்சுமருந்துப் புகை வரும் மூடியை முகத்தில் வைத்துவிட்டு, அது என்ன தூள், எங்கே எப்படிப் பறந்தது என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். பெரியவள் பூஞ்சையின் வகையையும் நொதியின் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.

"இதைத் தெரிஞ்சுக்கிட்டது நல்லதாப் போச்சு" என்றார். "வெறும் தவிட்டுத் தூசின்னு சொல்லியிருந்தா நான் வேற எதையோ பார்த்துட்டு இருந்திருப்பேன். இது சளி இல்லம்மா. மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கு. இந்தப் பொடி இனி உங்களுக்கு ஆகவே ஆகாது. கொஞ்சம் பட்டாலும் மறுபடி வரும்."

"என்னால ஓட முடியுமா டாக்டர்?"

"முதல்ல படி ஏறுவோம். ஓட்டத்தைப் பத்தி நான் பொய் சொல்ல விரும்பல. சீக்கிரம் விலகிட்டவங்க பலபேர் நல்லாத் தேறியிருக்காங்க. பார்ப்போம்."

மின்னல் தலையை ஆட்டினாள். முதன்முறையாக அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அதையும் கோபமாகத்தான் துடைத்தாள்.

மருத்துவர் எழுதிக்கொண்டே கேட்டார். "அங்க வேற யாராவது வேலை செஞ்சாங்களா?"

மின்னல் புகைமூடியைச் சட்டென்று இறக்கினாள். "பக்கத்துத் தெரு தையல்காரர் மனைவி. எதிரும் புதிருமா உட்கார்ந்துதான் சலிப்போம். கொஞ்ச நாளா அவங்க வரல."

"ஏன் வரல?" என்றாள் பெரியவள்.

"இவர்தான் சொன்னார், கால் வலியாம்."

பெரியவள் வராந்தாவுக்கு வந்து தம்பியை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்காவது அழைப்பில்தான் எடுத்தான்.

"தையல்காரர் சம்சாரத்துக்கு என்ன?"

"கால் வலி."

"என்கிட்ட பொய் சொல்லாதே."

"கால் வலின்னுதான் சொன்னாங்க. எத்தனை தடவை கேட்பே? வேக வச்சுட்டேன் எல்லாத்தையும். போதுமா? சந்தோஷமா?" இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

அவள் ஆலை மேலாளருக்கு ஒரு அழைப்புப் போட்டாள். "கலந்தது என் தம்பிதான் சார். உங்ககிட்ட இருக்கற எல்லாப் பையையும் எடுத்துத் தனியா வைங்க. திறக்கவே திறக்காதீங்க. கொட்டறவங்க மூக்குல ஏறக்கூடாது." அவர் என்ன திட்டினாரோ, முழுவதையும் கேட்டுக்கொண்டாள். ஒரு சொல்கூட அதிகம் என்று தோன்றவில்லை.

*

தையல்காரர் வீட்டின் முன்னறைதான் கடை. சாயங்கால நேரம் கூட்டம் அலைமோத வேண்டிய கடை. தையல் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. பாதி தைத்த சட்டைகள் கொக்கிகளில் தொங்கின.

மின்னல் வெளியே நின்று மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு கூப்பிட்டாள். "அக்கா இருக்காங்களா?"

உள்ளிருந்து தையல்காரர் வந்தார். முகச்சவரம் செய்து பல நாளாகியிருந்தது. கையில் சோற்றுப் பாத்திரமும் போர்வையும் வைத்த கூடை. மின்னலைப் பார்த்ததும் அவர் தாடை இறுகியது.

"இப்போதான் வழி தெரிஞ்சுதா?"

"கால் வலின்னு சொன்னாங்க..."

"யார் சொன்னது? உன் புருஷனா?" கூடையைத் தொப்பென்று கீழே வைத்தார். "ஆஸ்பத்திரியில கிடக்கா. மூக்குல குழாய். மருந்து மாத்தி மாத்திக் கொடுக்கறாங்க, ஒண்ணும் கேட்கல. எங்க வேலை செஞ்சாங்க, எதை மூச்சுல இழுத்தாங்கன்னு டாக்டர் என்னைக் குடையறார். எனக்கு என்ன தெரியும்? உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேன். உன் புருஷன்கிட்ட கெஞ்சிக் கேட்டேன், அது என்ன சாமான், சொல்லுங்கன்னு. வெறும் தவிடுதான்னு பிள்ளை மாதிரி என் கையைப் பிடிச்சுச் சொன்னான். நானும் போய் அங்க அதையே சொன்னேன்."

மின்னல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

"யாருக்குத் தெரியும்? அந்த எழவுல என்ன இருக்குன்னு இந்த உலகத்துல யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும்" என்றாள் பெரியவள்.

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"அவனோட அக்கா. அந்தப் பூஞ்சையை வளர்த்துக் கொடுத்தவ." குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "அது என்ன வகை, அதுல என்ன இருக்கு, டாக்டருக்கு என்ன தெரியணுமோ எல்லாம் என்னால சொல்ல முடியும். எந்த ஆஸ்பத்திரி?"

தையல்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். கை ஓங்கிவிடுவார் என்றுதான் மின்னல் நினைத்தாள். குறுக்கே வரவும் பார்த்தாள். பெரியவள் விலகவில்லை.

அவர் குனிந்து கூடையை எடுத்தார். கதவை இழுத்துப் பூட்டினார்.

"நடங்க முன்னால" என்றார். "முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் அவ கட்டில் பக்கத்துல நின்னு, அவ முகத்தைப் பார்த்து, அவகிட்டயும் சொல்லுங்க. அவ என்ன சொல்றாளோ, அதுதான் உங்களுக்கும் உங்க தம்பிக்கும் தீர்ப்பு."